எழுபது இடத்தில் தமிழ்

மதுரை மாசி வீதியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒருவர், தீபாவளித் தள்ளுபடியைக் கைபேசி வழியே அறிவிக்க விரும்புகிறார் என்று கொள்வோம். எழுத்துச் செய்தியா, படச் செய்தியா?

முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3-இல் பிரிட்டனில் சென்றது. ஒரு செய்திக்கு 1120 பிட்டுகளே இடம். ஆங்கில எழுத்துக்கு 7 பிட்டுகள்; எனவே 160 எழுத்துகள். யூனிகோடு தமிழிலோ ஒவ்வோர் எழுத்துக்கும் துணைக்குறிக்கும் 16 பிட்டுகள். எனவே 70 இடங்களே. ‘தீபாவளி’ என்னும் நான்கெழுத்துச் சொல்லே 7 இடம் கொள்ளும்! நீண்டால் செய்தி பிரியும், கட்டணம் பெருகும்.

2002-இல் பரவத் தொடங்கிய படச் செய்தி இத்தடையை நீக்கியது. ஆனால் பெறுபவரிடம் ஏற்ற கைபேசியும் தரவுத் தொடர்பும் வேண்டியிருந்தன.

சேலையின் புள்ளியழகைக் காட்டப் படமே வேண்டும். மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரில், தமிழ் காட்டும் எளிய கைபேசிக்குத் தள்ளுபடி நாளைச் சொல்ல 70 இடம் போதும்.