மூன்று வயதில் முடிவாகும் பயிற்றுமொழி: தென்சென்னைக் குழந்தைக் காப்பும் மொழித் தேர்வும்

தமிழகத்தின் பள்ளிமொழி விவாதம் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. 1968இல் சட்டமன்றம் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானம், 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம், 2020 தேசியக் கல்விக் கொள்கை பற்றிய பூசல் எல்லாமே பள்ளி சேர்ந்துவிட்ட பிள்ளையைப் பற்றியவை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பெரும்பாலான குடும்பங்கள் பயிற்றுமொழியை அதற்கு முன்பே, எல்.கே.ஜி. விண்ணப்பத்தோடு முடித்துவிடுகின்றன. தாய் வேலையிலிருந்து திரும்பும்வரை குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியே அம்முடிவைப் பெரிதும் நடத்துகிறது என்பது என் வாதம்.

சோறும் இடமும் மொழியும் சேர்ந்தே பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்பதை இந்நகரம் முன்பே அறிந்திருந்தது. பிரம்மஞான சபையின் ஆல்காட் 1894இல் அடையாற்றில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். தியாகராய நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயரின் முயற்சியால் 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு வந்தது. மயிலாப்பூரில் துர்காபாய் தேஷ்முக் ஆந்திர மகிளா சபாவை வளர்த்தார். தியாகராய நகரில் தெலுங்கருக்குக் கேசரி பள்ளியும் கன்னடருக்குக் கர்நாடக சங்கப் பள்ளியும் எழுந்தன.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி இங்கே தனித்து நிற்கிறார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவரைச் சபை வளாகத்துக்குள் முடக்கியது. மகன் மாரியோவைச் சிலகாலம் சிறைவைத்தது. மாண்டிசோரி இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்ல, இந்திய ஆசிரியர்கள் பயின்றார்கள். முதல் ஆறாண்டுகளில் குழந்தை தன்னைச் சூழ்ந்திருப்போரின் மொழியைப் பாடமின்றியே உள்வாங்குகிறது என்பது அவரது அடிப்படைக் கருத்து. அப்படியானால் பகல் முழுதும் குழந்தையோடு இருப்பவர் யார் என்பதே முதல் மொழிக் கொள்கை. அவர் பெயரோ இன்று இப்பகுதிகளில் கட்டணம் வாங்கும் ஆங்கில மழலையர் பள்ளிகளின் பலகையில்தான் அதிகம் தெரிகிறது. இது எனக்கு வருத்தம் தருகிறது.

எளியோருக்கு இருப்பது அங்கன்வாடி. சென்னைப் பேச்சில் பால்வாடி. மீனா சுவாமிநாதன் குழுவின் 1972 அறிக்கையைத் தொடர்ந்து 1975இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பிள்ளை அது. சத்துமாவு, மதியச் சோறு, முட்டை, பாயில் ஒரு தூக்கம், டீச்சரும் ஆயாவும் தமிழிலேயே பேசும் பேச்சு: மூன்று வயதுக்கு வேண்டியவை பெரும்பாலும் அங்கே உண்டு. ஆனால் மாலைக்கு முன்பே கதவு சாத்தப்படுகிறது. மந்தைவெளியில் இரண்டு வீடுகளில் சமைத்துவிட்டு இருட்டிய பிறகு நொச்சிக்குப்பம் திரும்பும் தாய்க்கு அந்தக் கதவு பயன்படாது. பாட்டி இல்லாத வீட்டில் கடன் வாங்கியாவது ‘டே கேர்’ உள்ள பிளே ஸ்கூலைத் தேடுகிறாள். அங்கிருந்து ஆங்கில எல்.கே.ஜி. ஒரு படிதான்.

அரசும் அந்தப் படியைத் தானே கட்டித் தருகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் 25 விழுக்காடு இடங்களுக்குத் தமிழகத்தில் சேர்க்கை எல்.கே.ஜி.யிலேயே தொடங்குகிறது, கட்டணத்தை அரசு ஈடுகட்ட வேண்டும். ஏழைப் பிள்ளைக்கு அந்த இடம் தேவையே. ஆனாலும் மழலைப் பருவத்தில் ஆங்கில இடத்துக்குச் செலவிடும் அரசு, தன் அங்கன்வாடியை மாலைவரை திறந்துவைக்கச் செலவிடவில்லை.

கட்டாயத்தால் இந்த ஆங்கில நாட்டத்தை மாற்ற முடியாது. ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழிவழிக் கல்வி கோரிய 1999 அரசாணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் ரத்து செய்தது. கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2014இல் அதே திசையில் தீர்ப்பளித்தது. மொழிச் சிறுபான்மையினருக்குத் தாய்மொழிக் கல்வி சொல்லும் அரசமைப்பின் 350அ பிரிவு தொடக்கக் கல்வியோடு நிற்கிறது. தெலுங்கு, உருது வீட்டுக் குழந்தையின் முதல் ஐந்தாண்டுகள் அதற்கு வெளியே.

பெற்றோர் ஆங்கிலத்தைத்தானே கேட்கிறார்கள் என்று மறுக்கலாம். உண்மைதான். மாநகராட்சிப் பள்ளிகளிலேயே ஒன்றாம் வகுப்பில் ஆங்கிலப் பிரிவு இருக்கிறது. நீண்ட நேர அங்கன்வாடி ஆங்கிலத்தைப் பறிக்காது, மழலைப் பருவத்தைத் தாய்மொழிக்கு விட்டுவைக்கும்.

2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. உஸ்மான் சாலையின் பெரிய ஜவுளிக்கடைக்கு அது பொருந்தும். வீட்டு வேலைக்காரருக்குப் பொருந்தாது. ஆகவே 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கிய அரசு, அடுத்துத் தரவேண்டியது கூடுதல் வகுப்பல்ல, கூடுதல் நேரம்: மாலை ஏழு மணிவரை ஒரு இரண்டாம் பணியாளர், தெலுங்கோ உருதோ பேசும் தெருவானால் அம்மொழி அறிந்தவர், அவருக்கு மதிப்பூதியமாக அன்றி முறையான சம்பளம்.