டப், ரூட்ஸ் ரெகே வாத்தியக் கலைஞர்கள்

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், 1960-களிலிருந்து ஒலிப்பதிவுக்கூடங்களில் பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி பெற்று வாசித்தவர்கள். ரூட்ஸ் ரெகேயின் புகழ் பாடகர்களுக்கும், டப்பின் புகழ் ஒலிப்பொறியாளர்களுக்கும் போயிற்று. ஆனால் குரலை எடுத்த பிறகும் நிற்பதே டப். அதாவது பக்கவாத்தியமே கச்சேரியாகிவிடும் இசை. எனவே அதன் வரலாற்றை இவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். முன்னோடிகள் பலர் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா ஆண்கள் பள்ளியில் பயின்றவர்கள். அவர்களில் டிராம்போன் கலைஞர் டான் டிரம்மண்டும் இடம்பெற்ற ஸ்காட்டலைட்ஸ் குழு 1964-இல் தோன்றி மறு ஆண்டே கலைந்தது. அடுத்து ஸ்டூடியோ ஒன்னில் ஜாக்கி மிட்டூவும் (கீபோர்ட்) லிராய் சிபிள்ஸும் (பேஸ்) பங்களித்தனர்.

விரிவாக அறியப்படுவது 1970-கள். தயாரிப்பாளர் லீ பெரிக்காக அப்செட்டர்ஸ் குழுவில் வாசித்த பேரட் சகோதரர்கள் பாப் மார்லியின் வெய்லர்ஸில் சேர்ந்தனர். தம்பி கார்ல்டனோடு சேர்த்துப் பேசப்படும் ‘ஒன் டிராப்’ தாளத்தில் நான்கு எண்ணிக்கையில் முதலாவது வெறுமையாக விடப்படும். பேஸ் டிரம் மூன்றாவதில்தான் விழும். நடுவே அவருடைய ஹை-ஹாட் மட்டும் அவ்வப்போது திஸ்ர நடையில் சிணுங்கும். இத்தாளத்தைத் தொடங்கியவர் வின்ஸ்டன் கிரெனன் என்போரும் உண்டு. 1974-ஐ ஒட்டி, தயாரிப்பாளர் பன்னி லீயின் பதிவுகளில் டிரம் கலைஞர் சாண்டா டேவிஸின் ‘பறக்கும் சிம்பல்’ தாளம் பரவியது. மேக்ஸ்ஃபீல்ட் அவென்யூவில் ஹூக்கிம் சகோதரர்கள் நடத்திய சேனல் ஒன்னில் ஸ்லை டன்பார் அடிகளை நெருக்கி அணிவகுப்பு மிடுக்கோடு ‘ராக்கர்ஸ்’ தாளத்தை வாசித்தார். பன்னி லீயிடம் அக்ரொவேட்டர்ஸ் என்ற பெயரில் வாசித்தவர்களில் பலரே இங்கே ரெவல்யூஷனரிஸ்.

ஒரே ஆட்கள் கூடத்துக்குக் கூடம் வேறாக ஒலித்தார்களே, அப்படியானால் டப்பின் ஆசிரியர் பொறியாளர்தானே என்ற மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்த கிங் டப்பி, நான்கு தடக் கலவைப் பலகையில் குரலை அணைத்தும் எதிரொலியை நீட்டியும் புதிய கலையையே படைத்தார். ஆயினும் எதிரொலி பரவ இடம் வேண்டும். அந்த இடத்தைத் தாளத்திலும் பேஸ் வரியிலும் முன்பே விட்டுவைத்தவர்கள் வாசித்தவர்கள். நாடாவில் இல்லாத பேஸ் வரியை எந்தப் பலகையாலும் எழுப்ப முடியாது. இந்தப் பங்கு உரிமைத்தொகையாக மாறவில்லை: வெய்லர்ஸ் பதிவுகளுக்காக அண்ணன் ஆஸ்டன் பேரட் தொடுத்த வழக்கு 2006-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தோற்றது.

1980-களின் தொடக்கத்தில் ரூட்ஸ் ராடிக்ஸ் குழு முன்னணிக்கு வந்தது. 1985-இல் கேசியோ எம்டி-40 கீபோர்டில் பதிந்திருந்த தாளத்தின் மேல் அமைந்த ‘ஸ்லெங் டெங்’ பாடல் வெற்றிபெற்றபின் வாத்தியக்காரர்களுக்கு அழைப்புக் குறைந்தது. அந்தத் தாளத்தை அமைத்த கேசியோ ஊழியர் ஒகுடா ஹிரோகோ, ரெகேயில் தோய்ந்த ரசிகை. ஸ்லை டன்பாரின் இணையான பேஸ் கலைஞர் ராபி ஷேக்ஸ்பியர் 2021-இலும் ஆஸ்டன் பேரட் 2024-இலும் காலமாயினர்.