சிலிகுரியும் நர்ஸ் லினியும்

எங்கள் அனந்தபுரத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் போதும், தெருவே ஆர்லிக்ஸ் பாட்டிலோடு கிளம்பிவிடும் (நானும்தான்!). அப்படிப் பார்க்கப் போனவர்களுக்கு 2001ல் மேற்கு வங்காளத்துச் சிலிகுரியில் என்ன நடந்தது தெரியுமா நண்பர்களே? பெயர் தெரியாத காய்ச்சல் 66 பேரைத் தாக்கி 45 பேரைக் கொன்றது. நோய் கண்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் மருத்துவமனை ஊழியர்களும் நோயாளியைப் பார்க்கப் போனவர்களும்தான். அது நிபா என்பது பல வருடம் கழித்தே தெரிந்தது.

2018ல் கேரளாவில், பேராம்பிரா தாலுகா மருத்துவமனை நர்ஸ் லினியும் நோயின் பெயர் தெரியாமலே ஒருவரைக் கவனித்தார். மே 21ல் இறந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகள். பெயர் தெரிந்த பிறகு தனி வார்டு, மாஸ்க், கையுறை எல்லாம் வந்தன. ஜூனில் நோய் அடங்கியது. ஆனால் நர்சிங் பாடம் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கச் சொல்வதில்லை. இருமுகிறவருக்கு முதல் நாளே மாஸ்க், ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்பும் பின்பும் கை கழுவுதல். அதற்கு வார்டு குழாயில் தண்ணீர் வர வேண்டுமே!