பித்தன் கையில் சான்று

கைலாசநாதர் கோயில் கொண்டுள்ள பசுவந்தனையில் பித்தன் என்னும் சொல் வெறும் வசைச்சொல் அன்று. மணப்பந்தலில் வந்து வழக்குரைத்த முதியவரைச் சுந்தரர் பித்தன் என்றார். திருவெண்ணெய்நல்லூர் அவையிலோ மூல ஓலை அப்பித்தனிடமே இருந்தது. பெரியபுராணம் கூறும் இந்நிகழ்ச்சியை மனத்திற் கொண்டு நாடக வரலாற்றை நோக்கின், ஓர் உண்மை புலனாகும். ஆட்சியாளர் மறைக்க விரும்பும் சான்றை நாடகாசிரியர்கள் பலகாலும் பித்தன் கையிலேயே கொடுத்து வைத்தனர்.

இதனை முதலில் செய்தோருள் ஒருவன் முடிமன்னனே என்பது வியப்பிற்குரியது. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனத்தில், கபாலத்தை இழந்த காபாலிகன் புத்தத் துறவியைத் திருடன் என்கிறான். வழக்கை நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்லலாம் என்றபோது, மடங்களின் செல்வமுடைய துறவி அதிகாரிகளின் வாயைப் பொருளால் அடைத்துவிடுவான் என்கிறாள் காபாலிகனின் துணைவி. தன் தலைநகர நீதிமன்றத்தின் மீதே இக்குற்றச்சாட்டை எழுதியவன் அரசன்! இறுதியில், நாய் கவ்விச் சென்ற கபாலத்தோடு வருபவன் ஓர் உன்மத்தன். சமயவாதிகள் பூசலிட்டுத் தேடிய பொருள் அவனிடமே இருந்தது.

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் இம்மரபு துன்பியலாக ஆழம் பெற்றது. 1600ஆம் ஆண்டையொட்டி ஷேக்ஸ்பியர் படைத்த ஹாம்லெட், தந்தையைக் கொன்று அரியணை ஏறியவனின் ஒற்றர் சூழ்ந்த அரண்மனையில் பித்தையே கவசமாக அணிகிறான். நாடகம் ஒன்றை நடிக்கச் செய்து கொலைக்குச் சான்று தேடுகிறான். லியர் மன்னனின் பித்தோ வேடமன்று. முடியிழந்து வெட்டவெளியில் திரியும்போதுதான் ஏழையின் துயரும், செல்வரின் பட்டாடைக்குள் மறையும் குற்றமும் அவனுக்குத் தெரிகின்றன. இந்நாடகம் 1606 டிசம்பர் 26 அன்று முதலாம் ஜேம்ஸ் மன்னரின் முன்னிலையிலேயே நடிக்கப்பெற்றது.

இரு நூற்றாண்டுக்குப் பின் நிலைமை மாறியது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியமையால் 1811இல் அவர் மகன் ஆட்சிப் பொறுப்பேற்றார். அரசரை நினைவூட்டும் என்ற அச்சத்தால், 1820இல் அவர் இறக்கும்வரை லியர் நாடகம் இலண்டன் மேடையேறவில்லை. அவர் முடி தரித்திருந்த காலத்தில்தான் 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்ததும் நிகழ்ந்தன. நம் கரிசல் மண்ணில் பீரங்கியோடு நின்ற பேரரசு, தன் தலைநகரில் ஒரு கிழ மன்னனின் புலம்பலுக்கு அஞ்சியது.

அவ்வச்சம் 1876இல் இந்திய நாடகச் சட்டமாயிற்று. ஆட்சிக்கு ஒவ்வாத நாடகங்களைத் தடுக்கும் அதிகாரத்தை அரசு பெற்றது. அச்சட்டம் நிலவிய நாளிலேயே, 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யனாகத் தமிழாக்கித் தாமே நடித்தார். முறைகேடாய் முடிசூடியவனைப் பித்து வேடம் பூண்டோன் குற்றவாளியாக்குவதை அடிமை நாட்டவர் தம் தாய்மொழியில் கண்டனர்.

தன் நீதிமன்றத்தைத் தானே எள்ளி நகையாடத் துணிந்த மகேந்திரனை வரலாறு வலிமையற்றவன் என்று கூறவில்லை. ஒரு குரலைப் பித்தென ஒதுக்குவது அதற்கு விடையாகாது. அக்குரலுக்கு உரியவனின் கையில் ஓலை உண்டா என்று பார்த்தல் வேண்டும். நம் வட்டத்துக் கவிஞர்கள் அடுத்த பத்தாண்டிலும் இக்கடமையை மேற்கொள்வார்களாக.