குண்டு விழுந்த எல்லை: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் முதலாளிகளும் 'வளர்ச்சி'யும்

2024 ஜனவரியில் சென்னையில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது. 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் என்று அறிவித்தார்கள். 2030-க்குள் தமிழகத்தை ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரமாக்குவது குறிக்கோள். 2015-இல் நடந்த மாநாட்டில் ஆட்சி வேறு, கட்சி வேறு, தொகை 2.42 லட்சம் கோடி. பேச்சு மட்டும் மாறவில்லை. தொழில் தலைவர்கள் மாநிலத்தின் வளர்ச்சிக்குத் தோள் கொடுக்கிறார்கள் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

தோள் என்று பேச்சு வந்துவிட்டால் சேரிக்காரன் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். சுமை தூக்கினவன் தோளா, ஏறி உட்கார்ந்தவன் தோளா என்பது பழைய சண்டை. இந்தக் கேள்வியைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலாளிகள் அரசை வளர்த்த கதை இங்கே 300 வருசத்துக்கு மேல் பழசு.

1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? ஒப்பந்தத்தில் இருந்த அளவு, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம். மதராசிலிருந்து தோதான பீரங்கியை வரவழைத்துச் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரைக்கும் கம்பெனி எல்லை. குண்டு உப்பலவாடி என்றும், குண்டு சாலை என்றும் கடலூரில் இன்றும் வழங்கும் பெயர்கள் அந்த வியாபாரத்தின் மிச்சம். சர்வேயர் சங்கிலி வருவதற்கு முன்னே நிலத்தை அளந்தது பீரங்கி.

அந்த எல்லைக்குள் ஊரும் இருந்தது, சேரியும் இருந்தது. நிலம் கைமாறினால் அதில் கட்டுண்ட ஆளும் சேர்ந்து கைமாறுவது அன்றைய தமிழகத்தில் வழக்கம். அடிமைத்தனத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று கம்பெனி அரசு சொன்னது 1843-இல்தான். சொன்ன பிறகும் படியாள் படியாளாகவேதான் இருந்தான். அந்தச் சொல்லிலேயே கணக்கு முழுசும் இருக்கு. படி அளந்து கொடுத்தால் வேலை செய்யும் ஆள். கல்யாணத்துக்கு வாங்கின கடன் மகன் தலையில், மகன் வாங்கினது பேரன் தலையில்.

கோட்டை வாங்கிய காலத்தில் மதராசின் கவர்னர் எலிஹு யேல். கம்பெனி உத்தியோகத்தோடு சொந்த வியாபாரமும் செய்து பெரும் பணம் சேர்த்தவர். மதராஸ் துறைமுகத்திலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றிய வருசங்களும் அவருடைய காலத்தில் வருகின்றன. ஊர் திரும்பிய பின் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகங்களும், ஒன்பது மூட்டைச் சரக்கும், அரசர் படம் ஒன்றும் அனுப்பிவைத்தார். சரக்கு விற்றதில் 562 பவுண்டு வந்தது. 1718-இல் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். 2024 பிப்ரவரியில் அந்தப் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்பை ஆராய்ந்து ஒரு புத்தகமே வெளியிட்டு, பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டது. கொடை கொடுத்தவன் பெயரைச் சுவரில் எழுதுவதோடு அந்தக் காசு எப்படி வந்தது என்றும் கேட்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். சிதம்பரத்துக்கு வரும்போது இது உதவும்.

அதற்கு முன் பரங்கிப்பேட்டை. ஜோசையா மார்ஷல் ஹீத் என்று ஒருவர், கம்பெனியின் சிவில் உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தொழிலுக்கு வந்தவர். 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். இந்தியாவில் ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு உருக்கிய முதல் முயற்சிகளில் ஒன்று அது. பாடப்புத்தகம் இவரைத் தொழில் முன்னோடி என்று சொல்லும். சரி, முன்னோடிக்கு முன்னே ஓடியது யார்? கம்பெனி அரசு அவருக்குத் தனியுரிமை கொடுத்தது. கடன் கொடுத்தது. மறுபடியும் கடன் கொடுத்தது. சேலத்துக் கனிமம் ஆற்று வழியாகப் பரிசலிலும் படகிலும் வந்தது. நிலக்கரி கிடையாது. மரம் வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கித்தான் உலை எரிய வேண்டும். தென்னார்க்காட்டுக் காடுகள் அந்த உலைக்குள் போயின. காடு சுருங்கச் சுருங்கக் கரி தூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று, செலவு ஏறியது. நிர்வாகம் கைமாறியும் நிமிரவில்லை. 1860-களில் உலை அணைந்தது.

ஹீத்தின் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. அவர் இங்கே நம்ம ஊர் உலைக்காரர்கள் மண் மூசையில் இரும்போடு விறகும் இலையும் வைத்து எஃகு செய்வதைப் பார்த்தார். இதைப்பற்றி 1839-இல் லண்டனில் கட்டுரையும் எழுதினார். அதே வருசம் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஷெபீல்டு ஆலைக்காரர்கள் அந்த முறையைக் கொஞ்சம் மாற்றிக் காசு கொடுக்காமலே பயன்படுத்திக்கொண்டார்கள். வழக்குப் போட்டே நொடிந்து 1851-இல் செத்தார். வெள்ளைக்காரக் கண்டுபிடிப்பாளனை வெள்ளைக்கார முதலாளிகள் ஏமாற்றியதை ஆங்கிலப் புத்தகங்கள் இன்றும் வருத்தத்தோடு எழுதுகின்றன. மூசை பிடித்தவன், மூட்டம் போட்டவன், பரிசல் தள்ளினவன் இவர்கள் பெயரையும் கூலியையும் எழுதத்தான் ஆளில்லை.

நெல்லிக்குப்பத்துக் கதை இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது, அதாவது ஆலைப் புகைபோக்கியில். தாமஸ் பாரி 1788-இல் மதராசுக்கு வந்தவர். 1824-இல் பரங்கிப்பேட்டையில் காலராவில் இறந்தார், கல்லறை கடலூரில் இருக்கிறது. அவருக்குப் பின் அந்தக் கம்பெனி 1840-களில் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையைப் பிடித்தது. சர்க்கரை மட்டுமா? சாராயமும்தான். 1897-இல் பதிவான கம்பெனியின் பெயரே கிழக்கிந்திய சாராய ஆலைகளும் சர்க்கரை ஆலைகளும் என்பது. இன்று 'இஐடி பாரி' என்கிறோமே, அந்த மூன்று எழுத்தின் விரிவு அதுதான். 1981-இல் முருகப்பா குழுமம் அதை வாங்கியது. சாராயத்தைக் காய்ச்சினவன் தொழில் முன்னோடி, அதன் மேல் வரி போட்டவன் நல்லரசு, குடிச்சவன் மட்டும் குடிகாரப் பறையன். இந்த மூணு பேரையும் ஒரே வரியில் எழுதிய பொருளாதார வரலாறு எதையும் நான் படித்ததில்லை.

கரும்பு ஆலைக்குப் போவதற்கு முன் சோகை உரிக்கணும், வெட்டணும், கட்டணும், ஏத்தணும். இது கூலி ஆள் வேலை, இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் சேரி வேலை. மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பான், பருவம் முடிந்தும் கணக்கு முடியாது. கரும்பு விவசாயி ஆலைக்குப் பாக்கி கேட்டுப் போராடினால் பத்திரிகையில் வரும், வரட்டும், நியாயம்தான். அந்த விவசாயி வெட்டுக்கூலி பாக்கி வைத்தால் அது எந்தப் பத்திரிகையிலும் வராது.

இனி சிதம்பரம்.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-இல் இங்கே ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1928-இல் சட்டம் வந்தது, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அவர் 20 லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்து 20 லட்சம், சின்னத் தொகை அல்ல. தமிழாராய்ச்சிக்கும் தமிழிசைக்கும் அந்த இடம் செய்ததை மறுத்தால் நாம் பொய் சொல்பவர்களாவோம். ஆனால் ஒரு தனி மனிதரின் கொடை என்று மட்டும் சொல்லி முடிக்கும்போது மூணு விசயம் விடுபட்டுப்போகிறது.

ஒன்று, நாட்டுக்கோட்டை மூலதனம் பெருகிய இடம். பர்மா, மலாயா, இலங்கை. பர்மாவின் தாழ்நிலத்தில் நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. மந்தத்தில் அடமானங்கள் மூழ்கி, 1938-இல் அது 25 சதவீதமானது. அங்கே நிலம் இழந்தவன் பர்மிய உழவன். அந்த நெல்லைத் துறைமுகத்தில் சுமந்தவர்களில் தமிழ், தெலுங்குக் கூலிகள் ஏராளம். இரண்டு, அரசின் பங்கு. சட்டம் அரசினுடையது, மானியம் அரசினுடையது; ஆனால் துணைவேந்தராக யாரைப் போடலாம் என்று மூணு பேர் பட்டியல் கொடுக்கும் உரிமை நிறுவனர் குடும்பத்துக்கு. இணைவேந்தர் பதவி வாரிசுரிமை. கோயிலில் பரம்பரை அறங்காவலர் இருக்கிற மாதிரி ஒரு பல்கலைக்கழகத்தில் பரம்பரை இணைவேந்தர். 2012 வாக்கில் சம்பளம் கொடுக்கவே பணமில்லாமல் நெருக்கடி வந்தது. 2013-இல் அரசு புதுச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. தேவைக்கு மேல் சேர்த்திருந்த ஊழியர்களை மற்ற அரசு அலுவலகங்களுக்கு அனுப்பி இன்றைக்கும் அந்தச் சுமையைச் சுமப்பது பொதுப்பணம்.

மூன்றாவது விடுபடல்தான் நமக்கு முக்கியம். அதே சிதம்பரத்தில், மீனாட்சி கல்லூரிக்கு நாலு வருசம் முன்னால், 1916-இல், ஓமக்குளம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தது. தொடங்கியவர் சுவாமி சகஜானந்தர். ஆரணி பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்தவர், முனுசாமி என்று பெயர். குடும்பம் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனது. தங்கவயலிலும் இதே கணக்குதான்: ஜான் டெய்லர் கம்பெனிக்குத் தங்கம், வடார்க்காட்டுச் சேரிக்காரனுக்கு நுரையீரலில் கல்தூசி. அங்கிருந்து துறவியாகி 1910-இல் சிதம்பரம் வந்தவர், 25 பிள்ளைகளை வைத்து நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 1959 மே 1 அன்று இறக்கும் வரை அந்தப் பள்ளிதான் அவருக்கு வாழ்க்கை. அதற்காகவே சட்டமன்றத்திலும் உட்கார்ந்தார்.

இடத்தைக் கவனியுங்கள். நந்தன் தீக்குளித்து 'பிராமணனாகி'க் கோயிலுக்குள் போனதாகச் சொல்லப்படும் இடம் ஓமக்குளம். பெரியபுராணத்தில் நந்தனுக்கு ஆண்டை கிடையாது. வேதியர் ஆண்டையை உண்டாக்கி நந்தனைக் கெஞ்சவைத்தது கோபாலகிருஷ்ண பாரதியின் 19-ஆம் நூற்றாண்டுக் கீர்த்தனை. அயோத்திதாசருக்கோ நந்தன் ஒரு பௌத்த மன்னன். எரித்த இடம் என்று ஊர் சொன்ன இடத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார் சகஜானந்தர்.

இங்கேயும் முதலாளிகள் வராமல் இல்லை, சினிமா முதலாளிகள். 1935-இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாக நடிக்க கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 1942-இல் ஜெமினி தண்டபாணி தேசிகரை வைத்து மறுபடி எடுத்தது. நந்தனை வைத்து நடந்த வியாபாரத்தின் தொகை இது. நந்தன் பெயரில் நடந்த பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குச் சோறுபோட அலைந்துகொண்டிருந்தது. இன்று அது அரசு நந்தனார் பள்ளி. தமிழகத்துக் கல்விக்குத் தொழில் தலைவர்கள் செய்த தொண்டு என்று எழுதுகிறவர்கள் ரயில் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலை நகரைப் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். ஓமக்குளம் நடந்து போகிற தூரம்தான்.

பல்கலைக்கழகத்துக்குள் நாம் போகவில்லையா? போனோம். 1979-இல் வந்த தொலைதூரக் கல்வியில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கிய முதல் தலைமுறைகள் நம்மிடம் ஏராளம். பட்டம் சாதியைத் தாண்டவைக்கும் என்று நம்பினோம். 2003-இல் விருத்தாசலம் பக்கத்தில் காதலித்து மணந்ததற்காக நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்ட இணையில், அந்தத் தலித் இளைஞர் அங்கேதான் வேதிப் பொறியியல் படித்தார். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 18 வருசம் ஆனது.

காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் தலைமையிலான குழு 1969-இல் கொடுத்த அறிக்கையின் தலைப்பில் தீண்டாமை, பொருளாதார வளர்ச்சி, கல்வி வளர்ச்சி மூன்றும் ஒன்றாக இருக்கும். தீண்டாமையை ஒரு பக்கம் வைத்துவிட்டு வளர்ச்சியை மட்டும் தனியாக எழுத முடியாது என்று இந்த மண்ணைத் தெரிந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. மாநாட்டு அறிக்கைகளில் அந்தச் சொல் ஒன்று மட்டும் கழன்றுவிட்டது.

நெய்வேலியைச் சுருக்கமாகச் சொல்லலாம், அது தனிக்கட்டுரைக்கு உரியது. பழுப்பு நிலக்கரியைக் காட்டிக்கொடுத்த ஜம்புலிங்க முதலியாரின் கொடை நினைக்கப்படுகிறது. 1956-இல் நிறுவனம் வந்தது, 1957-இல் வெட்டு தொடங்கியது. நிலம் எடுத்தபோது பட்டா உள்ளவனுக்குப் பணம். அந்த நிலத்தில் தலைமுறையாக உழுதவனுக்குக் காட்ட என்ன இருந்தது, கையில் இருந்த காய்ப்பைத் தவிர?

1980-களில் கடலூர் சிதம்பரம் சாலையில் சிப்காட் வந்தது. அரசு நிலம் எடுத்து, சாலை போட்டு, தண்ணீர் கொடுத்து, சலுகையும் கொடுத்து ரசாயன ஆலைகளைக் கூப்பிட்டது. ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் உப்பனாறு, நடுவில் ஆலைகள், ஓரத்தில் குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் போன்ற ஊர்கள். கழிவு ஆற்றுக்கு, புகை ஊருக்கு. நீதிபதி கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் இங்கே விசாரித்து எழுதியது. 2007-இல் நீரி நிறுவனத்தின் அறிக்கை, இந்தப் பகுதி மக்களுக்குப் புற்றுநோய் ஆபத்து குறைந்தது 2000 மடங்கு என்றது. 2021 மே மாதம் ஓர் ஆலையில் கொதிகலன் வெடித்து நாலு பேர் செத்தார்கள். சாலையில் போகும் பஸ்ஸில் அந்த இடம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வது இந்த வட்டாரத்துக்காரர்களுக்குப் பழக்கம். பஸ் தாண்டிப் போய்விடும்.

தாண்டிப் போக முடியாதவர்கள் 2004 வாக்கில் ஒரு வேலை தொடங்கினார்கள். சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பு என்று பெயர். ராத்திரி என்ன நாற்றம், எத்தனை மணிக்கு, காத்து எந்தப் பக்கம், எந்த ஆலைச் சுவரோரம் அதிகம் என்று ஊர்க்காரர்களே நோட்டில் எழுதினார்கள். அழுகின முட்டை, நகப்பூச்சு, கெட்டுப்போன பழம் என்று தங்களுக்குத் தெரிந்த பெயரிலேயே ரசாயனத்தைக் குறித்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நாற்றம் இல்லை, பிரமை என்று சொல்லிக்கொண்டிருந்த அதிகாரிகள் முன்னால் அந்த முடிவுகளோடு அந்த நோட்டுகளையும் கொண்டுபோய் வைத்தார்கள்.