தாலியும் தேங்காயும்

நம் ஆலயங்களில் மணமகன் கட்டும் தாலியில் சிலுவை பொறித்திருக்கக் காண்கிறோம். அதன் பின்னே நெடியதொரு வழக்கு உண்டு. 1704-ஆம் ஆண்டு, திருத்தந்தையின் தூதராய்ப் புதுச்சேரி வந்திருந்த தூர்னோன், மதுரை மிஷனைக் கட்டுப்படுத்தும் ஆணையொன்றை வெளியிட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. சிலுவையோ அன்னை மரியாளின் உருவமோ பொறித்தது ஆகலாம். நூற்றெட்டு இழை மஞ்சள் கயிறு கூடாது. திருமணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்த்தலும் கூடாது. இயேசு சபையார் மறுத்து வாதாடினர். 1744-இல் திருத்தந்தை 14-ஆம் ஆசீர்வாதப்பர் வழக்கை முடித்து வைத்தார். நெல்லைச் சீமையின் காமநாயக்கன்பட்டி போன்ற பழம்பெரும் பங்குகளும் இதற்கு உட்பட்டவையே.

பின்னர் 1963-இல், மூடநம்பிக்கையோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்திராத மக்கள் வழக்கங்களைத் திருச்சபை பரிவோடு நோக்கும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறிற்று. ஆக, குற்றம் கயிற்றிலும் இல்லை, காயிலும் இல்லை. தேங்காய் உணவுப்பொருள், அது உடையும் விதத்தில் வாழ்வின் விதியைப் படிக்கும் அச்சமே மூடநம்பிக்கை.

அவ்வச்சம் நம்மை விட்டு அகன்றதா? தாமிரபரணிக் கரையில் இன்றும், தனியொருத்தியாய் மகளை வளர்த்து ஆளாக்கிய கைம்பெண், ஆரத்தி எடுக்கும் வேளையில் தூணோரம் ஒதுங்கி நிற்பதைக் காண்கிறோமே! தாலியில் சிலுவையைப் பொறித்துவிட்டுத் தாயைச் சகுனமாகப் பார்ப்பது எவ்வகையில் நியாயம்? நயீன் ஊர்க் கைம்பெண்ணைக் கண்டு மனமிரங்கிய ஆண்டவர் அவளை விலகிச் செல்லவில்லை, அருகில் சென்றார். நம் மணமக்களை முதலில் ஆசீர்வதிக்க அத்தாயையே அழைப்போம்.