கதேயின் மண்டையோடுகள்

கதேயை நாம் ‘ஃபாஸ்ட்’ எழுதிய கவிஞராக அறிவோம். இன்று நான் பேசவிருப்பது எலும்புகளை ஆராய்ந்த கதேயைப் பற்றி.

1784 மார்ச்சில், ஜெர்மனியின் யேனா நகரில், உடற்கூறியல் பேராசிரியர் லோடருடன் சேர்ந்து மனித, விலங்கு மண்டையோடுகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். தேடியது இடைத்தாடை எலும்பை. மேல்தாடையில் வெட்டுப்பற்களைத் தாங்கும் சிறு எலும்பு அது. விலங்குகளில் தனியாகத் தெரியும். மனிதனுக்கு அது கிடையாது என்று டச்சு அறிஞர் காம்பரும் கெட்டிங்கன் பேராசிரியர் புளூமன்பாகும் சொல்லிவந்தார்கள். குரங்கிலிருந்து மனிதனைப் பிரித்துக்காட்டும் அடையாளமாக அந்த இன்மை கருதப்பட்டது.

மனித மேலண்ணத்தில், முன்பற்களுக்குப் பின்னால், கதே ஒரு மெல்லிய தையல்கோட்டைக் கண்டார். எலும்பு இருக்கிறது, பக்கத்து எலும்போடு சீக்கிரமே ஒட்டிவிடுகிறது, அவ்வளவுதான். பிரான்சில் விக் தாசிரும் இதைக் கண்டிருந்தார். ஆனால் கதே அதை அடைந்த வழிதான் எனக்கு முக்கியம். நம் சந்தைகளில் மாட்டுக்குப் பல் பார்ப்பவர்கள் கீழ்வரிசையைத்தான் பார்ப்பார்கள். மேலே வெட்டுப்பல் கிடையாது. ஆனாலும் மாட்டுக்கு அந்த எலும்பு உண்டு. இப்படி விலங்கு விலங்காக, ஒரே எலும்பு வடிவம் மாறுவதை அவர் தொடர்ந்து சென்றார். காசலிலிருந்து சோமரிங் இரவல் அனுப்பிய யானை மண்டையோட்டை, பார்ப்பவர்கள் பைத்தியம் என்பார்களோ என்று, ஐசனாக்கில் உள்ளறையில் ஒளித்து வைத்திருந்தார்.

1795இல் எழுதிய கட்டுரையில் இந்த வழியை அவர் ஒரு முறையாகவே முன்வைத்தார். ஒருவர் குதிரையை மனிதனோடு ஒப்பிடுவார், இன்னொருவர் வேறு விலங்கோடு ஒப்பிடுவார். அறிவு சேரும், ஒழுங்கு சேராது. எல்லா விலங்குகளுக்கும் பொதுவான ஒரு முன்வடிவம் வேண்டும். எந்தத் தனி விலங்கும் அதுவாக முடியாது. மனிதனை மிக முழுமையான உயிராகவே கதே எண்ணினார். ஆயினும் மற்ற விலங்குகளை அளக்கும் கோலாக அவனை வைக்கக்கூடாது என்றார்.

காம்பர் ஏற்கவில்லை. எலும்பைப் பற்றிய கட்டுரை அச்சேற 1820 ஆயிற்று. அடுத்த தலைமுறைகளில் ஐரோப்பா மண்டையோடுகளை அளந்து மனித இனங்களையே மேல், கீழ் என்று அடுக்கியது. அதை நினைக்கும்போது, நம்மை அளவுகோலாக வைக்காமல் பார்ப்பது எவ்வளவு அரிய ஒழுக்கம் என்று தோன்றுகிறது.